கியூஎம்எஸ் (தர மேலாண்மை) மென்பொருளை எப்படித் தேர்வு செய்வது? கப்பலூரில் இருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. மதுரை அருகே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் 40 பேர் வேலை செய்யும் கம்பெனி. சத்திரப்பட்டியில் இருந்து பேண்டேஜ் துணி வாங்கி, ஸ்டெரைல் காஸ் துணியும் டிரெஸ்ஸிங் கிட்டும் செய்கிறீர்கள். மருத்துவக் கருவித் தரத்துக்கான ஐஎஸ்ஓ 13485 சான்றிதழ், மாநில அரசின் உற்பத்தி உரிமம் இரண்டும் இருக்கின்றன. ஆவணங்கள் எல்லாம் பேப்பரிலும் எக்ஸெலிலும். அடுத்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்ப வேண்டும் என்று முதலாளி சொல்கிறார். மூன்று மென்பொருள் கம்பெனிகள் டெமோ காட்டிவிட்டுப் போய்விட்டன. மூன்றுமே ஒன்றுபோலத் தெரிகின்றன, எதை வாங்குவது, எப்போது மாறுவது?

மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். டெமோவில் ஓடுவது அவர்களுடைய டேட்டா. அதில் புகார் வரும்போதே பேட்ச் நம்பரோடு வரும், காப்பா (திருத்த, தடுப்பு நடவடிக்கைப் பதிவு) திறந்த நாளிலேயே மூல காரணம் கிடைத்துவிடும், ஒப்புதல் தர வேண்டியவர் யாரும் லீவில் இருக்க மாட்டார். அதனால் டெமோவை வைத்து முடிவு எடுக்காதீர்கள். உங்கள் அலமாரியில் இருந்து, ஏற்கெனவே விசாரித்து மூடிய ஒரு பழைய புகார்க் கோப்பை எடுங்கள். ஆஸ்பத்திரி பெயரையும் ஆட்களின் பெயரையும் மறைத்து, மூன்று கம்பெனிக்கும் அதே கோப்பைக் கொடுங்கள். "இதை உங்கள் மென்பொருளில் முதலில் இருந்து கடைசி வரை ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கீபோர்டில் உட்கார வேண்டியது அவர்கள் ஆள் அல்ல, உங்கள் கியூசி (தரச் சோதனை) ஆள். என்னைக் கேட்டால், தேர்வில் முக்கால்வாசி இந்த ஒரு அமர்வில் முடிந்துவிடும்.

உங்கள் பொருளுக்கு ஏற்ற ஒரு புகாரை வைத்துச் சொல்கிறேன். டிரெஸ்ஸிங் பவுச்சின் சீல் ஓரத்தில் பிரிந்திருந்தது என்று திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரி உங்கள் விற்பனைப் பிரதிநிதிக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறது. அவர் திங்கட்கிழமை உங்களுக்கு அதை அனுப்புகிறார். நீங்கள் செவ்வாய்க்கிழமை பதிவு செய்கிறீர்கள். அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டிய கெடு எந்தத் தேதியில் இருந்து ஓடுகிறது?

இதுதான் முதல் சோதனை. நம் 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி, எதிர்பாராத தீவிர பாதிப்பு நேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், அது உரிமம் பெற்றவரின் கவனத்துக்கு வந்த நாளில் இருந்து 15 நாளுக்குள் உரிமம் தந்த அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய மருத்துவக் கருவி விதியான எம்டிஆரில் தீவிர சம்பவத்துக்கு 15 நாள், மரணம் என்றால் 10 நாள், பொது சுகாதாரத்துக்கே பெரிய ஆபத்து என்றால் 2 நாள். அமெரிக்காவில் பொதுவாக 30 நாள், சில வகைகளுக்கு 5 வேலை நாள். எல்லாவற்றிலும் கணக்கு, கம்பெனிக்குத் தெரியவந்த நாளில் இருந்து. உங்கள் விற்பனைப் பிரதிநிதியும் கம்பெனிதான். ஆனால் சில மென்பொருள்கள் பதிவு செய்த நாளையே தொடக்கமாக எடுத்துக்கொள்கின்றன. "தெரியவந்த தேதி" என்று தனியாக ஒரு புலம் இருக்கிறதா, அதை மாற்றினால் கெடு தானாக மாறுகிறதா, மாற்றியவர் யார் என்று ஆடிட் டிரெயிலில் (மாற்றங்களின் பதிவில்) நிற்கிறதா என்று பாருங்கள். இந்த இடத்தில் சறுக்கும் மென்பொருளுக்கு மற்ற அம்சங்கள் எவ்வளவு இருந்தாலும் நான் மதிப்பெண் தர மாட்டேன்.

அடுத்து பேட்ச். பிரிந்த பவுச் எந்த ரோலில் இருந்து வந்தது, அதே ரோலை வேறு எந்த பேட்ச்களுக்குப் பயன்படுத்தினோம், அவை எங்கே போயின? அன்றைக்கு சீலிங் மெஷினில் இருந்தவர் யார், அவருடைய பயிற்சிப் பதிவு நடப்பில் இருந்ததா, வெப்பநிலைக் கன்ட்ரோலரின் காலிபிரேஷன் எப்போது முடிந்தது, அந்த பேட்ச் எந்த ஈடிஓ சுற்றில் (எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கும் சுற்றில்) போனது? இதில் பயிற்சியும் காலிபிரேஷனும் கியூஎம்எஸ் மென்பொருளுக்குள் இருக்கும். ஆனால் ரோல் நம்பரும் டெஸ்பாட்சும் பெரும்பாலும் டேலியிலோ ஸ்டோர் ரிஜிஸ்டரிலோதான் இருக்கும். "டிரேசபிலிட்டி உண்டு" என்று விற்பவர் சொன்னால், எந்தப் பாதி என்று கேளுங்கள். பேட்ச் நம்பரைக் கையால் அடிக்கும் ஒரு கட்டம் மட்டும் இருப்பதை டிரேசபிலிட்டி என்று சொல்ல முடியாது. அதனாலேயே அந்த மென்பொருளை ஒதுக்க வேண்டும் என்றும் இல்லை. எது எங்கே இருக்கிறது என்று தெளிவாக எழுதி வைத்துக்கொண்டால் போதும், ஆடிட்டர் ஏற்றுக்கொள்வார். அந்த எல்லையைத் தெரியாமல் பணம் கட்டிவிட்டால்தான் சிக்கல்.

அப்புறம் ரிஸ்க் ஃபைல். சீல் பிரிவது உங்கள் ஐஎஸ்ஓ 14971 (அபாய மேலாண்மைத் தரம்) கோப்பில் ஏற்கெனவே ஒரு அபாயமாக இருக்கும். புகாரை மூடும் முன் அந்த வரியைத் திறந்து, "நாம் நினைத்ததைவிட அடிக்கடி நடக்கிறதா?" என்று பார்க்க வேண்டும். புகார்த் திரையில் இருந்து அந்த வரிக்கு நேராகப் போக முடிகிறதா, அல்லது ரிஸ்க் ஃபைல் வெறும் எக்ஸெல் இணைப்பாகத் தொங்குகிறதா? மருத்துவக் கருவிக்கென்றே எழுதிய மென்பொருளுக்கும் பொதுவான மென்பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் அதிகம் தெரியும்.

காப்பா பற்றி ஒன்றே ஒன்று. எல்லாப் புகாரும் காப்பா ஆக வேண்டியதில்லை. விசாரிக்காமல் விட்டால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றுதான் ஐஎஸ்ஓ 13485-இன் 8.2.2 சொல்கிறது. சில மென்பொருள்களில் புகாரைப் பதிந்ததுமே காப்பா திறந்துகொள்ளும். ஆறு மாதத்தில் திறந்த காப்பாக்கள் குவிந்துவிடும், அடுத்த ஆடிட்டில் அதுவே ஒரு என்சி (விதிக்குப் பொருந்தாத குறை) ஆகும். காரணத்தை எழுதிவிட்டு அங்கேயே மூட வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி நம் ஊர்ப் பக்கத்துக்கு என்றே உள்ள விஷயங்கள். வெளியூர் ஆலோசகர்கள் இவற்றைக் கேட்டுப் பார்த்தே நான் கண்டதில்லை.

உங்கள் ஆபரேட்டர்கள் தமிழில்தான் எஸ்ஓபி (செயல்முறை ஆவணம்) படிக்கிறார்கள். பழைய எஸ்ஓபிகளில் பாதியாவது டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தவையாக இருக்கும். அதை மென்பொருளில் ஏற்றினால், எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும், தேடினாலும் எதுவும் கிடைக்காது. முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய ஒவ்வொரு எஸ்ஓபியையும் வேலை தெரிந்த ஒருவர் பழைய தாளோடு வைத்து வரிக்கு வரி படித்துப் பார்க்க வேண்டும், அதையும் பதிவு செய்ய வேண்டும். வெப்பநிலையோ நேரமோ ஒரு எண் மாறினால் போதும், ஈடிஓ சுற்றே கெட்டுவிடும். பிறகு அந்த யூனிகோடு எஸ்ஓபியை மென்பொருளில் ஏற்றி, ஒப்புதல் தந்து, "கட்டுப்பாட்டுப் பிரதி" என்று முத்திரை விழுந்த பிடிஎஃப்பாக இறக்கிப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியாக நிற்கிறதா? மென்பொருள் தானாகப் போடும் தலைப்புப் பட்டையில் எஸ்ஓபி பெயர் வெறும் கட்டங்களாக வருகிறதா? வந்தால், திருத்தித் தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். "தமிழ் சப்போர்ட் உண்டு" என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

நேரமும் அப்படித்தான். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். 12-ஆம் தேதி விடிகாலை 3 மணிக்கு இரவு ஷிஃப்டில் போட்ட கையெழுத்து, 11-ஆம் தேதி இரவு 9.30 என்று அச்சாகும். ஸ்டெரிலைசேஷன் முடிவதற்கு முன்பே ரிலீஸ் செய்தது போல ஆடிட்டருக்குத் தெரியும். திரையில் சரியாகக் காட்டிவிட்டு, பிடிஎஃப்பில் மாற்றிக் காட்டுகிற மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டையும் பாருங்கள். நெட் போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பேப்பர் வழிமுறை வேண்டும்: எந்தப் படிவம், யார் பிறகு ஏற்றுவது, எத்தனை மணி நேரத்துக்குள்.

விலைக்கு வருகிறேன். இதில் தொகையைவிட முக்கியம், விலை எதன் மேல் போடப்படுகிறது என்பது. ஆளுக்கு இவ்வளவு என்று விலை சொன்னால், 40 பேருக்கு வாங்க முதலாளி யோசிப்பார். 8 லாகின் வாங்குவார். பேக்கிங் பிரிவில் 12 பேரும் ஒரே லாகினில் எஸ்ஓபி படித்ததாகக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த நிமிடமே மென்பொருள் வாங்கியதன் பயன் போய்விடும். மின்னணுப் பதிவுகளுக்கான அமெரிக்க விதியான 21 சிஎஃப்ஆர் பகுதி 11-இன்படி ஒவ்வொரு மின்னணுக் கையெழுத்தும் ஒரே ஒருவருக்கு மட்டும் உரியது, இன்னொருவர் அதைப் பயன்படுத்தக் கூடாது. கையெழுத்தோடு பெயர், தேதி, நேரம், எதற்காகப் போட்டது என்ற விவரமும் இருக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், யார் செய்தது என்று தெரியாத பதிவை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியின் புகாரை எப்படி விசாரிப்பது? அதனால் படிக்கவும் பயிற்சிக் கையெழுத்துப் போடவும் மட்டும் குறைந்த விலையில் லாகின் தருகிறார்களா என்று கேளுங்கள். தராவிட்டால், வேலை செய்யும் இடத்தில் பயிற்சிப் பதிவைப் பேப்பரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேப்பரில் அவரவர் போட்ட கையெழுத்து, பகிர்ந்த லாகினைவிட எவ்வளவோ மேல்.

டாலரில் பில் போடும் கம்பெனி என்றால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் பக்கம் வரும். உங்கள் கணக்கு ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் விலை எவ்வளவு ஏறலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு உச்சவரம்பு வாங்குங்கள். முதல் ஆண்டு தள்ளுபடியைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம்.

வேலிடேஷன் (நினைத்தபடி வேலை செய்கிறதா என்று சோதித்து எழுதி வைப்பது) பற்றி விற்பவர்கள் சொல்வதில்தான் குழப்பம் கூடுதல். "எங்கள் மென்பொருள் வேலிடேட் செய்யப்பட்டது", "எஃப்டிஏ ஒப்புதல் பெற்றது" என்று சொல்வார்கள். கியூஎம்எஸ் மென்பொருளுக்கு எஃப்டிஏ (அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஒப்புதல் என்று ஒன்று கிடையாது. ஐஎஸ்ஓ 13485-இன் 4.1.6 கேட்பது, அந்த மென்பொருளை நீங்கள் பயன்படுத்தும் விதத்தை நீங்கள் வேலிடேட் செய்ய வேண்டும் என்பது. முதன்முதலில் பயன்படுத்தும் முன்பும், மாற்றம் வந்தால் தேவைக்கேற்பவும் செய்ய வேண்டும். எவ்வளவு ஆழமாக என்பது ஆபத்தின் அளவைப் பொறுத்தது. விற்பவர் தரும் வேலிடேஷன் கட்டு அவர்கள் எழுதிய பகுதிக்கு உதவும். உங்களுக்காக அமைத்த ஒப்புதல் வரிசை, உங்கள் படிவம், உங்கள் அனுமதிகள் இவற்றை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். ஐஎஸ்ஓ/டிஆர் 80002-2 இதற்கென்றே வந்த வழிகாட்டி. அமெரிக்க எஃப்டிஏவும் 2022-இல் வரைவாக வெளியிட்டு 2025-இல் இறுதி செய்த வழிகாட்டியில் இதே திசையில்தான் சொல்கிறது: ஆபத்து அதிகமுள்ள இடத்தில் படிப்படியாக எழுதிச் சோதியுங்கள், குறைவான இடத்தில் எளிய சோதனை போதும். எனவே நூற்றுக்கணக்கான பக்கம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுக்க வேண்டிய அவசியம் இல்லை. புகார்க் கெடு, பேட்ச் ரிலீஸ் ஒப்புதல், பழைய எஸ்ஓபி வேலை செய்யும் இடத்தில் கண்ணில் படாமல் நீங்குவது, இந்த மூன்றையும் கடுமையாகச் சோதியுங்கள். நிறத்தையும் டாஷ்போர்டையும் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

க்ளவுட் என்றால் இன்னொரு கேள்வி சேர்கிறது. அவர்கள் புதுப் பதிப்பு விடும்போது உங்களுக்கு எத்தனை நாள் முன்பு சொல்வார்கள், சோதித்துப் பார்க்கத் தனி இடம் தருவார்களா, மாற்றங்களின் பட்டியல் எந்த அளவுக்கு விவரமாக இருக்கும்? போன பதிப்பின் மாற்றக் குறிப்பை ஒன்று வாங்கிப் படியுங்கள். "சில பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்ற ஒரு வரிதான் அதில் இருந்தால், ஒவ்வொரு தடவையும் எதைச் சோதிப்பது என்று தெரியாமல் நீங்கள்தான் தவிப்பீர்கள்.

இதோடு ஒன்று: எக்ஸெலும் மென்பொருள்தான். சீல் வலிமையின் சராசரியைக் கணக்குப் போடும் அந்த ஷீட்டுக்கும் 4.1.6 பொருந்தும். புதிய மென்பொருளைப் பார்க்கும் முன், தரம் சம்பந்தமாக உங்கள் கம்பெனியில் ஓடும் எல்லா ஷீட்டையும் ஒரு பட்டியல் போடுங்கள். சில ஷீட்டுகளைப் பூட்டி வேலிடேட் செய்தாலே போதும், மாட்யூல் வாங்கவே தேவையில்லை என்று தெரியவரலாம்.

அமெரிக்கா பற்றி விற்பவரிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி உண்டு. 2026 பிப்ரவரி 2 முதல் அவர்களுடைய மருத்துவக் கருவித் தர விதியான பகுதி 820 மாறிவிட்டது, ஐஎஸ்ஓ 13485-ஐயே அடிப்படையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மென்பொருளில் காப்பாவுக்கு 820.100, டிசைனுக்கு 820.30 என்று பழைய எண்களே இன்னும் அச்சாகி வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால், அந்தக் கம்பெனியில் விதிமுறைகளைக் கவனிக்க ஆள் இல்லை என்று பொருள். அதே மாற்றத்தில் இன்னொன்றும் நடந்தது. உள் ஆடிட் அறிக்கை, மேனேஜ்மென்ட் ரிவ்யூ, சப்ளையர் ஆடிட் அறிக்கை ஆகியவற்றை இன்ஸ்பெக்டருக்குக் காட்டாமல் இருக்க முன்பு இருந்த விலக்கு இப்போது இல்லை. ஆகவே இவை மென்பொருளில் எப்படிச் சேமிக்கப்படுகின்றன, கேட்டால் எப்படி எடுத்துத் தருவது என்பதையும் பாருங்கள். பகுதி 11-இன்படி மின்னணுக் கையெழுத்தைப் பயன்படுத்துவதற்கு முன்போ, பயன்படுத்தத் தொடங்கும்போதோ எஃப்டிஏவுக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அது உங்கள் வேலை. மென்பொருள்காரர் அதை நினைவுபடுத்தினால், இந்தத் துறை தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெளியேறும் வழியை உள்ளே போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 13485-இன்படி பதிவுகளைக் கருவியின் ஆயுட்காலம் வரையாவது வைத்திருக்க வேண்டும், ரிலீஸ் செய்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குக் குறையக் கூடாது. ஐரோப்பாவுக்கு அனுப்பினால் தொழில்நுட்ப ஆவணங்களைக் கடைசிப் பொருள் சந்தைக்குப் போய் 10 ஆண்டு வரை, உடலுக்குள் பொருத்தும் கருவி என்றால் 15 ஆண்டு வரை வைத்திருக்க வேண்டும். எந்த மென்பொருள் கம்பெனியும் அத்தனை ஆண்டு அதே பெயரில், அதே விலையில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெரியவையே கைமாறுகின்றன. டிராக்வைஸ் என்ற கியூஎம்எஸ் மென்பொருளைச் செய்யும் ஸ்பார்டா சிஸ்டம்ஸை 2021-இல் ஹனிவெல் வாங்கியது. அதனால் சோதனைக் காலத்திலேயே, நீங்கள் ஓட்டிய அந்தப் புகாரை முழுவதுமாக வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். கையெழுத்து விவரம், ஆடிட் டிரெயில், இணைத்த படங்கள், ரிஸ்க் ஃபைல் தொடர்பு எல்லாம் சேர்ந்து, மென்பொருள் இல்லாமலே ஒரு மனிதர் படிக்கும்படி வர வேண்டும். தனித்தனி அட்டவணைகளாக ஒரு சிஎஸ்வி மூட்டை வந்தால், அதை யாராலும் பத்தாண்டு கழித்துப் படிக்க முடியாது. சந்தா நின்ற பிறகு எத்தனை நாள் டேட்டாவை வைத்திருப்பார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அந்தக் கம்பெனி உங்கள் சப்ளையர் என்பதையும் மறக்க வேண்டாம். துணி தருகிறவரை மதிப்பிடுவது போலவே இவர்களையும் மதிப்பிட்டு, அங்கீகரித்த சப்ளையர் பட்டியலில் ஏற்ற வேண்டும்.

எந்த வகை என்று கேட்டால் என் கருத்து இது. கிரீன்லைட் குரு போன்றவை மருத்துவக் கருவிக்கென்றே எழுதப்பட்டவை. டிசைனும் ரிஸ்க்கும் நன்றாகப் பிணைந்திருக்கும். சொந்தமாகப் புதுக் கருவி வடிவமைக்கும் கம்பெனிக்கு அது பொருந்தும். மாஸ்டர்கன்ட்ரோல், டிராக்வைஸ் போன்றவை பெரிய மருந்துக் கம்பெனிகள் அதிகம் பயன்படுத்துபவை. பல ஆலைகள் உள்ள இடத்துக்குச் சரி, உங்களுக்கு அதைக் கட்டி மேய்க்கவே தனி ஆள் வேண்டியிருக்கும். சோஹோ கிரியேட்டர் போன்ற தளத்தில் நாமே செய்துகொள்வது மலிவு, தமிழும் சிக்கல் தராது. ஆனால் ஆடிட் டிரெயிலும் கையெழுத்தும் விதிக்குப் பொருந்துவதை நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் தலையில் விழும், அதைச் செய்த பையன் வேலையை விட்டால் மாற்றத் தெரிந்தவர் இருக்க மாட்டார். உங்கள் டிசைன் அடிக்கடி மாறுவதில்லை. எனவே ஆவணக் கட்டுப்பாடு, பயிற்சி, புகார், காப்பா ஆகிய நான்கும் உறுதியாக இருக்கும் நடுத்தர மென்பொருள் ஒன்றே உங்களுக்குப் போதும். பேட்ச் ரெக்கார்டை முதல் ஆண்டில் மென்பொருளுக்குள் கொண்டுபோகாதீர்கள். எல்லா மாட்யூலும் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்பார்கள், அதற்காக வாங்க வேண்டாம்.

மதுரையில் இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 1992-இல் ஆரோலேப் இங்கே கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் செய்யத் தொடங்கியது. சர்வதேசத் தரத்துக்குக் கருவி செய்வது இந்த ஊருக்கு அன்று முதலே பழக்கமான வேலை. மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு கம்பெனியின் கியூஏ ஆளோடு, விற்பவர் பக்கத்தில் இல்லாமல், அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்யுங்கள். "எதற்கு இன்னும் எக்ஸெல் வைத்திருக்கிறீர்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். மென்பொருள் எங்கே போதவில்லை என்பது அந்தப் பதிலில் வந்துவிடும்.

எப்போது மாறுவது என்றும் கேட்டிருந்தீர்கள். சான்றிதழ் தந்தவர்கள் செய்யும் கண்காணிப்பு ஆடிட் முடிந்த மறுமாதம் தொடங்குங்கள், ஆடிட்டுக்கு முந்தைய மூன்று மாதத்தில் தொடங்கவே வேண்டாம். முதலில் ஆவணமும் பயிற்சியும் உள்ளே போகட்டும். அது நிலைத்த பிறகு புகாரும் காப்பாவும். ஏற்கெனவே திறந்திருக்கும் காப்பாக்களைப் பேப்பரிலேயே மூடிவிடுங்கள், பாதியில் மாற்றினால் கையெழுத்துகள் இரண்டு இடத்தில் சிதறும். எந்தத் தேதி முதல் எந்தப் பதிவு எங்கே என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி, நீங்களும் முதலாளியும் கையெழுத்திட்டு, ஃபைலின் முதல் தாளாக வையுங்கள். ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.